சக்கரை விசயம்

ஜனவரி 3, புதன்

பனி. காலை ஐந்தரைக்கு எதிர்வீடு தெரியவில்லை. மூன்று பேரையும் கிளப்பி வாசல் தாண்ட வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நடப்பதைவிட இதுதான் பெரிய உடற்பயிற்சி.

செந்தில் கண்ணைத் திறக்காமலே நடந்தான். காலேஜ் போகிற பையன், விளக்குக் கம்பத்தில் மோதிக்கொள்கிறான். மகள் கவிதா மட்டும் கை வீசி ஒழுங்காக நடந்தாள். அவர் பாதி வழியில் டீக்கடைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நடுரோட்டில் அவர் கையைப் பிடிப்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அவருக்குச் சக்கரை. மார்கழி பிறந்ததும் தெரிந்தது. மருந்து பாதி, நடை பாதி என்றார் டாக்டர். தனியாக அனுப்பினால் டீக்கடையில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார் என்றேன். சிரித்தார். அப்படியானால் குடும்பத்தோடு போங்கள், பிள்ளைகளுக்கும் இந்த வயதிலேயே பழகினால் பின்னால் நல்லது என்றார்.

இன்னொன்றும் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதாம். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குத்தினால் தெரியாது, புண்ணானால் ஆறாது. அதற்கு மேல் விளக்கவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கிற மனுஷருக்கு வெட்டுவதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

இட்லி மாவு புளிக்கவில்லை. குளிர்.

ஜனவரி 6, சனி

ஒப்பணக்கார வீதி. பாய் கடையில் நாலு ஜோடி கான்வாஸ் ஷூ. எனக்கு நீலம், கவிதாவுக்கு வெள்ளை, செந்திலுக்கு ஏதோ கோடு போட்டது. அவருக்கு லேஸ் இல்லாதது வேண்டுமாம், குனிந்து கட்ட வராதாம். தொப்பை என்று சொன்னால் கோபம். சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். சகிக்கவில்லை. குடும்பமே ஸ்போர்ட்ஸுங்களா என்று பாய் கேட்டார். ஆமாம் என்றேன்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாலு பேரும் பேசி வைத்திருக்கிறோம். போன ஆவணியில் கவிதாவுக்கு வந்த சூலூர் இடம் தட்டிப் போனதே, அவர் தம்பிக்குச் சக்கரை என்று யாரோ ஊதிவிட்டதால்தான். அந்த ரத்தம்தானே பொண்ணுக்கும் ஓடுகிறது என்றார்களாம். இப்போது தொண்டாமுத்தூர் இடம் வந்திருக்கிறது. (இனி தொ.மு. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) தென்னந்தோப்பு. பையன் கார்த்தி, விவசாயப் படிப்பு. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பிடித்திருக்கிறது. தை பிறந்ததும் நிச்சயம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு ஒரு தைரியம். "ஏம்புள்ள, நாலு பேரும் சேந்து நடந்தா யாருக்குச் சீக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாதுல்ல?"

ஜனவரி 10, புதன்

இந்த ஊரில் நடப்பது லேசில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் அவர்களுக்கு மனசு கஷ்டம். எதிர்வீட்டு வசந்தா, வண்டி ரிப்பேருங்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டாள். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டுக் காபி. மூன்று கரண்டி சக்கரை. அவர் ஆசையாகக் குடித்தார், நான் பார்த்த பார்வைக்குப் பாதியில் வைத்தார்.

ஆனால் ஒன்று. அப்பனும் மகனும் இன்று பேசிக்கொண்டே நடந்தார்கள். பட்டறையைப் பற்றித்தான். சண்டைதான். இருந்தாலும் பேச்சு. வீட்டில் டிவி சத்தத்தில் மாதக் கணக்கில் பேசாத இரண்டு பேர். கவிதா என் தோளில் இடித்துக் காட்டினாள். சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 12, வெள்ளி

பால் பூத் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பொம்பளைகள். நான் பின்னால் நிற்பது தெரியாது. "அந்த லேத்துக்காரரு ஊடு இருக்குதுல்ல, நாலு பேத்துக்குமே சக்கரையாமா. புள்ளைக்கும்தானாமா. பாவம், விடியக்காலம் ஓடறாங்க."

பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். ஒருத்தருக்கு இருப்பதை மறைக்கப் போய் நாலு பேருக்கும் வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வசந்தாவின் நாத்தனாரைத் தொ.மு.வில்தான் கொடுத்திருக்கிறது. இந்தப் பேச்சு இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

நாளைக்கு நடை வேண்டாம் என்றேன். கவிதா ஷூவை எடுத்து வாசலில் வைத்தாள்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் முடிந்து வீடெல்லாம் கரும்புச் சக்கை. இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

பதினோரு மணிக்குப் போன். தொ.மு. அம்மா, கார்த்தியைப் பெற்றவர். நல்லா இருக்கீங்களா, பொங்கல் நோம்பி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏனுங்க, உங்க ஊட்டுல எல்லாரும் இருக்கறப்பச் சக்கரை விசயமா நேர்ல வந்து பேசோணுமுங்க."

என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் பேசினேன். அதெல்லாம் யாரோ கிளப்பிவிட்டதுங்க, எங்க வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லைங்க, பழனிக்குப் பாதயாத்திரை வேண்டியிருக்கோம், அதற்குத்தான் குடும்பத்தோடு நடந்து பழகுகிறோம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், உப்புச்சக்கரை எப்போது மாற்றலாம் என்று கேட்கத்தானுங்க கூப்பிட்டேன் என்று.

உப்புச்சக்கரை! நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கூப்பிட்ட மனுஷியிடம் நான் உளறியிருக்கிறேன். இரண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொள்கிற விசேஷம், இந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மறந்து போகுமா? மறந்துவிட்டது. சக்கரை என்றால் எனக்கு இப்போது ஒரே சக்கரைதான்.

அதோடு விட்டதா? பழனி என்றதும் அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்களும் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடக்கிறார்களாம். "நல்லதாப் போச்சுங்க. இந்த வருசம் ரெண்டு குடும்பமும் ஒண்ணா நடந்து போயி, சாமி முன்னால நாள் குறிச்சுக்கலாமுங்க."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல.

ஜனவரி 18, வியாழன்

கவிதா கத்தினாள். இந்த வீட்டில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து கேட்டதில்லை. உடனே போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாள். சொன்னால் இந்த இடமும் போச்சு என்றேன். போனால் போகட்டும் என்கிறாள். இருபத்திரண்டு வயசில் போனால் போகட்டும் என்று சொல்ல முடியும்.

செந்தில், டாக்டரைக் கேட்கலாமே என்றான். அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இவருக்கோ வீம்பு. நடந்துபோடலாம் என்கிறார். ஷூ போட்டுக்கொண்டு என்றால் சரி என்றேன். பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு பூட்ஸ் காலோடு எவன் போவான், தொ.மு.காரர்கள் பார்த்தால் கேட்க மாட்டார்களா என்கிறார். கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டி வரும்.

ஆக, வெறுங்கால். நான்தான் கடைசியில் சரி என்றேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 24, புதன்

மாலை போட்டாயிற்று. பச்சை வேட்டி அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கறி கிடையாது, முட்டை கிடையாது. செந்தில் முகம் தொங்கிப் போயிருக்கிறது. மற்றபடி, காலை நடை இப்போது கொஞ்சம் தூரம் கூடியிருக்கிறது. வசந்தாகூட, சாமிக்குன்னா சரிதானுங்க என்று ஒதுங்கிவிட்டாள்.

சாயங்காலம் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை. ஊசியால் லேசாகத் தொட்டால் தெரிகிறதா என்றேன். தெரியுது தெரியுது என்றார். நான் அப்போது இன்னும் தொடவே இல்லை.

ஜனவரி 29, திங்கள்

நாளை கிளம்புகிறோம். பையில்:

வேட்டி 2, சேலை 2, துண்டு
திருநீறு, கற்பூரம்
பொரிகடலை, வேர்க்கடலை (அவருக்கு)
மாத்திரை. கேட்டால் தலைவலிக்கு.
மஞ்சள்தூள், பஞ்சு, பழைய வேட்டிக் கிழிசல்
தடித்த சாக்ஸ்

சாக்ஸ் என் யோசனை. குதிகால் வெடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். வெறுங்காலுக்குக் கொஞ்சம் தேவலை. கவிதா பார்த்துவிட்டு, ஒரு பொய்க்கு எத்தனை பொய்ங்கம்மா என்றாள். நான் பையை இழுத்துக் கட்டினேன்.

ஜனவரி 30, செவ்வாய். கிணத்துக்கடவு

ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் தொ.மு.காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தம்மா, வீட்டுக்காரர், கார்த்தி. பையனும் செந்திலும் முன்னால் போக வேண்டும், கவிதா எங்களோடு பின்னால். அந்தம்மா போட்ட சட்டம். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்து ஒருமுறை மாட்டு வண்டியில் இடித்துக்கொண்டான். கவிதா சிரிப்பை அடக்கினாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

வழியெல்லாம் பந்தல். பானகம், சக்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம். சாமி பேரைச் சொல்லிக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அந்தம்மா தன் கையால் இரண்டாவது உருண்டை வைத்தார், நல்லாச் சாப்பிடுங்க, நடக்கத் தெம்பு வேணும் என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் தார் ரோட்டைப் பார்த்தேன். கவிதா எட்டி, எனக்கு வேணுங்கப்பா என்று அவர் இலையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பொங்கல் என்றாலே காத தூரம் ஓடுகிற பெண்.

வெயில். ரோடு கொதிக்கிறது. எனக்கே பொறுக்கவில்லை. அவர் ஜோராக நடக்கிறார், சுடவில்லையா என்றால் இல்லையே என்கிறார். தொ.மு. அம்மாவுக்கு ஆச்சரியம், பக்திதானுங்க என்றார்.

சாக்ஸ் அடியில் தேய்ந்துவிட்டது.

ஜனவரி 31, புதன். பொள்ளாச்சி

சுருக்கமாக.

சாயங்காலம் ஒரு ரைஸ்மில் களத்தில் தங்கல். எல்லோரும் அண்டாவில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை ஊறவைத்தோம். அவரும் தொ.மு. பெரியவரும், கார்த்தியின் அப்பா, போர் மோட்டார் பற்றிப் பேச்சு. எந்த மோட்டார் எத்தனை அடி இழுக்கும் என்று. கவிதா அப்பாவின் சாக்ஸைக் கழற்றினாள்.

இடது பாதத்தில் கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கிறது. எங்கே ஏறியதோ, எவ்வளவு நேரமாக அதன் மேல் நடந்தாரோ. கவிதா பிடுங்கினாள். புது ரத்தம் வந்தது. அவர் மோட்டார் பேச்சை நிறுத்தவே இல்லை.

நான் முந்திக்கொண்டேன். முள்ளுங்க, சின்ன முள்ளு என்று மஞ்சள்தூளைத் தேடினேன். கவிதா எழுந்து நின்றாள்.

"முள்ளில்லீங்க, கண்ணாடி. எங்கப்பாவுக்குச் சக்கரைங்க. கால்ல உணர்ச்சி இல்லீங்க. பழனிக்கு வேண்டுதலும் கெடையாதுங்க, டாக்டர் சொன்னாருன்னுதான் நாலு பேரும் நடந்தோமுங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "அப்பா கால அடகு வெச்சு எனக்கொரு கல்யாணம் வேண்டாங்கம்மா."

பெரியவர் எழுந்து வண்டி பிடிக்கப் போனார். கார்த்தி முன்னால் ஓடினான். ஆஸ்பத்திரி, ஊசி, கட்டு. இனி ஒரு அடிகூட வெறுங்காலோடு கூடாது, ஏன் இவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று அந்த டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

தொ.மு. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 1, வியாழன். உடுமலை ரோடு

திரும்பிப் போகலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சாமியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார். செந்திலோடு பஸ்ஸில் பழனிக்கு அனுப்பியாயிற்று, ஒரு காலில் பொள்ளாச்சியில் வாங்கிய செருப்பு, ஒரு காலில் கட்டு. செந்தில் அப்பா பையையும் தன் பையையும் தூக்கிக்கொண்டு, அவரைப் படியில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தான். எப்போது இவ்வளவு பெரியவன் ஆனான்?

தொ.மு.காரர்கள் விடிந்ததும் கிளம்பினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் கவிதாவும் பின்னால் நடந்தோம். கவிதாவும் என்னோடு பேசுவதில்லை. இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் பேசாத இரண்டு பேருக்கிடையே நான்.

கோமங்கலம் தாண்டித்தான் அந்தம்மா நின்றார். நான் வந்து சேர்கிற வரைக்கும் நின்றார்.

"சக்கரைய மறச்சீங்க, சரி. பொண்ணப் பெத்தவ மறைக்கத்தான் செய்வா. முருகன் பேரச் சொல்லி என்னையும் கூட்டியாந்தீங்களே, அதுதானுங்க எனக்கு ஆறல."

தப்புத்தானுங்க என்றேன்.

மீதித் தூரத்தையாவது நிஜமாக வேண்டிக்கொண்டு நடங்கள், எதற்கு என்று நான் கேட்கமாட்டேன் என்றார். பிறகு வேகமாகப் போய்விட்டார். நிச்சயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற வாய் எங்கே இருக்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி. மடத்துக்குளம்

பாதம் இரண்டும் கொப்புளம். எனக்கு எல்லாம் தெரிகிறது, ஒவ்வொரு கல்லும். இத்தனை நாளும் இதில் ஒன்றுகூடத் தெரியாமல் நடந்த மனுஷரை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நடந்துகொண்டே வேண்டினேன். கவிதா கல்யாணம் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் கால் என்று முடிந்தது. மறுபடியும் ஆரம்பித்தேன், மறுபடியும் அங்கேயே போய் நின்றது. சரி என்று விட்டுவிட்டேன். இரண்டையும் கேட்க எனக்கு முகமில்லை.

அமராவதி ஆற்றில் தண்ணீர் நிறைய. குளித்தோம். துணி காயவில்லை.

பிப்ரவரி 3, சனி. பழனி

கூட்டம். எங்கே பார்த்தாலும் காவடி, தூசி, தவில் சத்தம். அடிவாரத்தில் செந்தில் கை காட்டினான். அவர் சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தார், முகம் தெளிவாக. கட்டு புதிதாகப் போட்டிருக்கிறது. சீழ் இல்லை என்று பழனி டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதும் செந்தில் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தொ.மு. அம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்து கும்பிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ ஆரம்பித்தார். அந்தம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலையே பார்த்தார், ரொம்ப நேரம். கட்டுக்கு மேலே வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டார். ஆச்சுங்க, இரண்டு இட்லி, மாத்திரையும் போட்டாச்சுங்க என்றார் இவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

நான் காத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் இந்த இடத்தில்தான் சொல்வார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அவரவர் வழி. கவிதாவுக்கும் தெரிந்திருக்கிறது. முந்தானையைத் திருகிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள்.

அந்தம்மா திரும்பி மகனைக் கூப்பிட்டார்.

"கார்த்தி, உன்ற மாமனார விஞ்சு வண்டியில கூட்டிக்கிட்டுப் போ கண்ணு. படியேற உட்டுறாதே."

மாமனார். கார்த்தி அவர் கையைப் பிடித்தான். இவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவனோடு போனார். அந்தம்மா அதற்குள் படியேறத் தொடங்கிவிட்டார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

நான் முதல் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை கூட்டத்தில் வெட்கமில்லாமல். ஜனம் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

கவிதா வந்து பக்கத்தில் நின்றாள். பொள்ளாச்சிக்கு அப்புறம் இதுதான் என்னிடம் பேசினாள்.

"எந்திரிச்சு நடங்கம்மா."